பைப்படிச் சுவரில் ஒரு ஆணி

பிள்ளைகள் மேல் உள்ள பிரியத்தினால்தான் இந்தத் தொழிலுக்கு வருவதாகத் தனுசியா நேர்முகப் பரீட்சையில் சொன்னாள். உண்மையில் அவளை அங்கே கொண்டுவந்து விட்டவை அவளுடைய முழங்கால்கள். உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடமும் பாஸ்பண்ணிய கையோடு யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு செருப்புக் கடையில் சேர்ந்தவள். இரண்டு வருடமாக, வருகிறவர்களின் கால்களுக்கு முன்னால் குந்துவதும் எழும்புவதுமே வேலை. விற்கிற பெட்டையளுக்குக் கதிரை போட்டால் சோம்பல் வந்துவிடும் என்பது முதலாளியின் கொள்கை. இருபத்திரண்டு வயதில் அவள் பஸ்ஸில் ஏறும்போது கிழவிகளைப் போலக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள்.

அப்போதுதான் பத்திரிகையில் அந்த அறிவித்தலைக் கண்டாள். முன்பிள்ளைப் பருவப் பராமரிப்பில் ஒரு வருடத் தொழிற்பயிற்சி. கிழமையில் நாலு நாள் ஒரு முன்பள்ளியில் நின்று வேலை பழகவேண்டும். வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்தில் வகுப்பு. முடிவில் ஒரு சோதனை, பிறகு சான்றிதழ். அது கையில் இருந்தால் குடாநாட்டில் எந்த முன்பள்ளியிலும் ஆசிரியையாகச் சேரலாம். இல்லாவிட்டால் மறுபடியும் செருப்புப் பெட்டிகள்தான்.

முதல் வகுப்பிலேயே எல்லாருக்கும் நீல அட்டை போட்ட ஒரு புத்தகம் கொடுத்தார்கள். குழந்தையைக் கழுவுதல், உணவூட்டல், நித்திரையாக்கல், கதை சொல்லல் என்று பக்கம் பக்கமாகக் கட்டங்கள். ஒவ்வொரு வேலையையும் செய்து காட்டி, முன்பள்ளியின் பொறுப்பாசிரியையிடம் கையெழுத்து வாங்கவேண்டும். போதனாசிரியர் கனிசியஸ் சேர் பகிடிக்காரர். ஆனால் இந்தப் புத்தகத்தின் விசயத்தில் பகிடி விடமாட்டார்.

"கடைசிப் பக்கத்தைப் பாருங்கோ," என்றார். "அதிலை முன்பள்ளி நிருவாகத் தலைவரின்ரை கையெழுத்தும் முத்திரையும் இல்லையெண்டால் மார்கழிச் சோதினைக்கு உங்களை எடுக்கேலாது. அழுதாலும் எடுக்கேலாது. போன வருசம் ஒரு பிள்ளை அழுதுதான் பாத்தது."

தனுசியாவுக்குக் கிடைத்தது மானிப்பாயிலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமத்து முன்பள்ளி. முப்பது பிள்ளைகள். அவர்களில் ஒன்பது பேர், தாய் தகப்பன் வேலையால் வரும்வரை, பின்னேரம் நாலு மணி வரைக்கும் அங்கேயே நிற்பார்கள். பொறுப்பாசிரியை சிவகௌரி ரீச்சருக்கு ஐம்பது வயதிருக்கும். குரல் உயர்த்தமாட்டார். பிள்ளைக்கு அடிக்கமாட்டார். அவர் மடித்துக் கட்டிய கொண்டையில் ஒரு மயிர் பிசகாது. முதல் நாள் தனுசியாவைக் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டு, அன்பாகத்தான் விசாரித்தார்.

"எந்த ஊர், பிள்ளை?"

"சாவகச்சேரி, ரீச்சர்."

"சாவகச்சேரியிலை எவடம்?"

"டவுணுக்குக் கிட்ட."

"கிட்ட எண்டால், ஆஸ்பத்திரிப் பக்கமோ, கோர்ட்டுப் பக்கமோ?"

"இப்ப யாழ்ப்பாணத்திலை ஹொஸ்ரலிலை இருக்கிறன், ரீச்சர்."

"ஓ," என்றார் ரீச்சர். "ஹொஸ்ரலிலை சாப்பாடு எப்பிடி?"

எவடம் என்ற கேள்வி இடத்தை அறிவதற்காகக் கேட்கப்படுவதில்லை. அது படி இறங்குவது போல இறங்கும். முதலில் ஊர், பிறகு குறிச்சி, பிறகு ஒழுங்கை, அதற்கும் பிடிகொடுக்காவிட்டால் எந்தக் கோயில். மூன்றாம் படியிலோ நாலாம் படியிலோ சாதி தானாக வெளியே வந்துவிடும். கேட்டவர் சாதியைக் கேட்கவே இல்லை, சொன்னவரும் சொல்லவில்லை. தனுசியாவின் ஒழுங்கைக்கு இருந்த பெயர் அப்படிப்பட்டது. தென்மராட்சியில் அந்தப் பெயரைச் சொன்னால், கேட்டவர் சிரித்த முகம் மாறாமலே தன்னுடைய தண்ணீர்ச் செம்பைச் சற்று உள்ளே தள்ளி வைப்பார். பள்ளிக்கூட நாட்களிலேயே அவள் இரண்டாம் படியில் நின்றுவிடப் பழகியிருந்தாள். விண்ணப்பத்திலும் ஹொஸ்ரல் விலாசத்தைத்தான் எழுதியிருந்தாள்.

அன்று பதினொரு மணிக்கு ரீச்சர் அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்தார், புத்தம் புதிய பேப்பர் கப்பில். "கழுவுற வேலை மிச்சம்," என்றார். ஆசிரியை ஒருத்தி தன் கையால் ஊற்றித் தந்தது தனுசியாவுக்குப் பெரிய மரியாதையாக இருந்தது. செருப்புக் கடையில் பிளேன்ரீக்குக்கூடத் தானே தெருவுக்குப் போகவேண்டும்.

வேலை அவளுக்குப் பிடித்துப்போனது. அது அவளே எதிர்பாராத விசயம். அழுகிற பிள்ளையைத் தூக்காமல் முதலில் பக்கத்தில் குந்தி இருக்கவேண்டும் என்று கற்றுக்கொண்டாள்; செருப்புக் கடையில் நொந்த முழங்கால் இங்கே நோகவில்லை. கக்கூசுக்குப் போகவேண்டும் என்று சொல்ல வெட்கப்படுகிற பிள்ளையை அதன் நிற்கிற விதத்திலேயே கண்டுபிடித்தாள். ஒரு கையால் ஒன்றுக்குச் சோறு தீத்திக்கொண்டே மற்றக் கையால் இன்னொன்றின் மூக்கைத் துடைத்தாள். பிள்ளைகளுக்கு எழுத்துத் தெரியாததால் ஒவ்வொருவரும் தண்ணி குடிக்கிற, பிடி வைத்த பேணியிலும் ஒரு படம் அடையாளமாக இருக்கும்: கிளி, மாம்பழம், குடை, மீன். பழைய படங்கள் உரிந்துபோயிருந்தன. முப்பதையும் தனுசியா வர்ணப் பென்சிலால் புதிதாகக் கீறி ஒட்டினாள். மண்டபத்துச் சுவரில், பலகையில் வரிசையாக அடித்த கொக்கிகளில் அவை தொங்கியபோது, உதவி ஆசிரியை நிஷானி கைதட்டினாள்.

"ரீச்சர், உவவின்ரை மீனைப் பாருங்கோ. சந்தையிலைகூட இப்பிடி ஒரு மீன் கிடையாது."

நீலப் புத்தகத்தின் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. ஆடி மாதம் வரைக்கும் அவளுடைய வாழ்க்கையில் அதைவிட நல்ல காலம் இருந்ததில்லை.

ஆடியில் மிதுசா வந்தாள்.

மிதுசா வேறு யாருமல்ல. தனுசியாவின் பெரியம்மாவின் மகள் வித்தியாவின் பிள்ளை. அதே ஒழுங்கையில், நாலு வீடு தள்ளிப் பிறந்தவள். வித்தியா கடைக்குப் போனாலும் கிணற்றடிக்குப் போனாலும் பிள்ளை தனுசியாவின் இடுப்பில்தான் இருக்கும். அவளைச் சித்தி என்று கூப்பிடும். அம்மா என்ற சொல்லுக்கு முதலே அந்தச் சொல்தான் அதன் வாயில் வந்தது என்று வித்தியா குறைபட்டுக்கொள்வாள். இப்போது வித்தியாவுக்கு மானிப்பாயில் ஆஸ்பத்திரிச் சிற்றூழியர் வேலை கிடைத்திருந்தது. புருசன் நிருஷன் ஓட்டோ ஓட்டுகிறவன். அங்கேயே ஒரு வீடு வாடகைக்கு எடுத்தார்கள். பிள்ளையைப் பின்னேரம் வரை வைத்திருக்கிற முன்பள்ளி அந்தச் சுற்றாடலில் ஒன்றுதான் இருந்தது.

வித்தியா முதலில் தொலைபேசியில் கேட்டாள்.

"உனக்கு இடைஞ்சலெண்டால் சொல்லு, தனு. வேறை எங்கையும் பாக்கிறன்."

"இடைஞ்சலெண்டில்லை, அக்கா. ஆனா..."

"தெரியும். நீ அங்கை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நானும் உன்னைத் தெரிஞ்சமாதிரிக் காட்டமாட்டன். அவர் விண்ணப்பத்திலை ஊரையும் ஒழுங்கையையும் உள்ளபடிதான் எழுதுவார், உந்தப் பொய்யெல்லாம் அவருக்குச் சரிவராது. அது எங்களோடை போகட்டும்."

"பிள்ளை?"

"பிள்ளைக்கு நான் சொல்லி வைக்கிறன். அங்கை ரீச்சர், வீட்டை சித்தி. ஒரு விளையாட்டுமாதிரிப் பழக்கிவிடுறன்."

வேலை முடிந்து தனுசியா வித்தியாவின் வாடகை வீட்டுக்குப் போக, ஒரு கிழமை முழுக்கப் பழக்கினார்கள். வித்தியா வாசலுக்கு வெளியே நின்று, "இப்ப பள்ளிக்கூடம். இவ ஆர்?" என்பாள். பிள்ளை, "ரீச்சர்" என்று கத்தும். ஒரு கால் வாசலுக்கு உள்ளே வைத்ததும், "சித்தி" என்று பாய்ந்து வரும். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாலு வயதுப் பிள்ளை ஒரு நாளும் பிழை விடவில்லை.

மிதுசா சேர்ந்த அன்று சிவகௌரி ரீச்சர் விண்ணப்பத்தை இரண்டு தரம் வாசித்தார். வித்தியாவிடம் மிக நல்லபடியாகக் கதைத்து அனுப்பினார். பிறகு தனுசியாவைக் கூப்பிட்டார்.

"கொக்கியெல்லாம் முடிஞ்சுது. உந்தப் பிள்ளையின்ரை பேணிக்குப் பைப்படிச் சுவரிலை ஒரு ஆணி அடிச்சு விடும்."

"ரெண்டு கொக்கி சும்மா கிடக்கு, ரீச்சர். கிளிப் பிள்ளையும் மாம்பழப் பிள்ளையும் நிண்டிட்டுதுகள்."

"அதுகள் திரும்பி வந்தால்?"

"அவை குடும்பத்தோடை பிரான்சுக்குப் போட்டினம்."

"வரமாட்டினமெண்டு உமக்கு எழுதித் தந்தவையோ?" என்று ரீச்சர் சிரித்தார். "எனக்கு ஒண்டுமில்லை, பிள்ளை. ஆக்கள் கதைப்பினம். ரெண்டு பேர் பிள்ளையை நிப்பாட்டினால் மற்றவையும் நிப்பாட்டுவினம். சுத்தியல் அலுமாரிக்குக் கீழை கிடக்கு."

பைப்படி மண்டபத்துக்குப் பின்னால், கக்கூசுக்குப் பக்கத்தில் இருந்தது. தனுசியா ஆணியைச் சுவரில் வைத்துச் சுத்தியலால் அடித்தாள். சுவர் கல்லு, ஆணி இரண்டு தரம் வளைந்தது. மூன்றாவதைத்தான் இறக்க முடிந்தது. நிஷானி கதவால் எட்டிப் பார்த்தாள்.

"ஆணி அடிக்கவும் தெரியுது! உம்மடை நீலப் புத்தகத்திலை அதுக்கும் ஒரு கட்டம் இருக்கோ?"

தனுசியாவும் சிரித்தாள். என்ன படம் வேண்டும் என்று கேட்டதற்கு மிதுசா யானை என்றாள். அவள் கீறியவற்றில் எல்லாம் வடிவான படம் அந்த யானைதான். அது பைப்படியில் தொங்கியது. தண்ணீர் குடிக்க மற்றப் பிள்ளைகள் பலகையடிக்கு ஓடும்போது, மிதுசா மட்டும் எதிர்ப்பக்கம் ஓடினாள். தனக்கு மட்டும் தனியாக ஒரு இடம் தந்திருக்கிறார்கள் என்று தாயிடம் பெருமையாகச் சொன்னாள்.

நீலப் புத்தகத்தில் ஒரு பெரிய கட்டம் மிச்சமிருந்தது. ஒரு குழந்தையைத் தெரிந்தெடுத்து, ஆறு கிழமை அவதானித்து, அதன் பழக்கவழக்கங்களைத் திகதி போட்டு எழுதவேண்டும். தனுசியா மிதுசாவைத் தெரிந்தெடுத்தாள். தெரிந்த பிள்ளை, எழுதுவது சுகம். மூன்றாம் நாளே ஒரு பக்கம் நிரப்பிவிட்டாள். நித்திரை வரும்போது பக்கத்தில் இருப்பவரின் காதுச் சோணையைப் பிடிப்பாள். பூசணிக்காய் தின்றால் சத்தி எடுப்பாள். இடி இடித்தால் மேசைக்குக் கீழே போய் ஒளிப்பாள்.

சிவகௌரி ரீச்சர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"வந்து மூண்டு நாளிலை இடி இடிச்சதோ?" என்று கேட்டார். "ஆடி மாசம். காத்தைத் தவிர எனக்கு ஒண்டும் கேக்கேல்லை."

தனுசியா தான் எழுதிய வரியைப் பார்த்தாள். குடாநாட்டில் ஐப்பசி பிறக்காமல் எங்கே இடி? புழுதிக் காற்று வீசுகிற மாதத்தில் இடியை எழுதி, திகதியும் போட்டு வைத்திருந்தாள்.

"தாய் சொன்னவ, ரீச்சர்."

"தாய் உம்மோடை கதைக்கிறவவோ?"

"கூட்டிக்கொண்டு போக வந்தபோது, ஒருக்கா."

"நல்லது. பெற்றோரோடை கதைக்கத்தானே வேணும்." ரீச்சர் கையெழுத்து வைத்துப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவர் முகத்தில் இருந்து ஒன்றையும் வாசிக்க முடியவில்லை.

அன்று மத்தியானம் பின்னேரப் பிள்ளைகள் பாயில் படுத்தபோது, வழக்கம்போல மிதுசாவின் கை தனுசியாவின் காதைத் தேடி வந்தது. அறை வாசலில் ரீச்சர் நின்றார். தனுசியா அந்தக் கையை எடுத்து, பிள்ளையின் காதிலேயே வைத்தாள்.

"உன்ரை காதைப் பிடி."

மிதுசா கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தாள். இதுவும் விளையாட்டில் ஒரு பகுதி என்று நினைத்திருக்கவேண்டும். தன் காதைப் பிடித்துக்கொண்டு நித்திரையானாள்.

விஜயதசமி வந்தது. அந்த முன்பள்ளியில் வருடத்தின் பெரிய நாள் அதுதான். அன்றுதான் புதுப் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குவார்கள். நிருவாகத் தலைவர் ஆழ்வாப்பிள்ளை ஓய்வுபெற்ற அதிபர். அவருடைய கையால் ஏடு தொடக்கினால் பிள்ளை படிக்கும் என்று ஊரில் பேச்சு. தாம்பாளத்தில் பச்சையரிசி பரப்பி, பிள்ளையை மடியில் இருத்தி, அதன் சுட்டுவிரலைப் பிடித்து அரிசியில் அ எழுதுவிப்பார். அந்த ஒரு விரல் பிடிப்புக்காகப் பெற்றோர் பட்டுடுத்தி வருவார்கள்.

தனுசியாவுக்கும் அது பெரிய நாள்தான். புத்தகத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டன, கடைசிப் பக்கத்தைத் தவிர. ஆழ்வாப்பிள்ளை ஐயா அடுத்த கிழமை மகளிடம் கனடாவுக்குப் போகிறார். திரும்பி வர ஆறு மாதமாகும். சோதனை மார்கழியில். அன்று அவர் கையெழுத்து வைக்காவிட்டால் ஒரு வருடமும் வீண். காலையிலேயே புத்தகத்தையும் முத்திரைப் பெட்டியையும் ரீச்சரின் மேசையில் எடுத்து வைத்திருந்தாள்.

ஒன்பது மணிக்கு வித்தியா மிதுசாவோடு வந்தாள். பிள்ளைக்கு அரக்கு நிறத்தில், நெஞ்சுப் பட்டி வைத்துத் தைத்த புதுப் பட்டுப் பாவாடை. வித்தியா லீவு போட்டிருந்தாள். மற்றத் தாய்மாருக்குப் பின்னால், சுவரோரமாக, படம் எடுக்கப் போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டு இருந்தாள். நிஷானி பெயர்களை வாசிக்கத் தொடங்கினாள். ஒன்பது புதுப் பிள்ளைகள். மிதுசாவின் பெயர் ஏழாவது.

நாலாவது பிள்ளை ஐயாவின் மடியில் இருந்தபோது சிவகௌரி ரீச்சர் தனுசியாவின் பக்கத்தில் வந்து நின்றார். கண்கள் தாம்பாளத்தைப் பார்த்தபடி இருந்தன.

"மிதுசாவைக் கைகால் கழுவக் கூட்டிக்கொண்டு போம்."

"கழுவியாச்சு, ரீச்சர்."

"இன்னுமொருக்கா கழுவும். சின்னப்பிள்ளையள், பைப்படியிலை உடுப்பு நனையிறதுதான். நனைஞ்ச உடுப்போடை அரிசிக்குக் கிட்ட இருத்தேலாது. உடுப்பு மாத்திக்கொண்டு வர நேரம் போயிடும்." குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "ஐயா பத்தரைக்கு வெளிக்கிடவேணும். போக முதல் உம்மடை புத்தகத்தையும் பாக்கவேணுமெல்லே?"

இன்னொருவர் கேட்டிருந்தால் அதில் பிழை பிடிக்க ஒன்றும் இல்லை.

ஐந்தாவது பிள்ளையின் பெயர் வாசிக்கப்பட்டது. தனுசியா மேசையில் இருந்த நீல அட்டையைப் பார்த்தாள். பிறகு மிதுசாவின் கையைப் பிடித்தாள்.

பைப்படியில் ஒருவரும் இல்லை. மண்டபத்துக்குள் பிள்ளைகள் கூட்டமாக அ, ஆ சொல்வது கேட்டது. மிதுசா பாவாடையை இரண்டு கையாலும் முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலை மட்டும் நீட்டினாள்.

"அம்மா நனைக்க வேண்டாமெண்டவ."

தனுசியா பைப்பை முழுக்கத் திறந்தாள். தண்ணீர் தொட்டியில் மோதிச் சிதறியது. போதவில்லை. ஆணியில் தொங்கிய யானைப் பேணியை எடுத்து, நிரப்பி, பிள்ளையின் நெஞ்சில் ஊற்றினாள். பட்டு உடனே கறுத்தது. இன்னொரு பேணி ஊற்றினாள்.

மிதுசா அழவில்லை. முதலில் கதவைப் பார்த்தாள். பிறகு பின்பக்கம் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஆள் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, மெல்லச் சொன்னாள்.

"சித்தி, நனையுது."

"என்ன சொன்னனீ?"

பிள்ளையின் முகம் பயத்தில் சுருங்கியது. அது பயந்தது தண்ணீருக்கு அல்ல. ஒரு நாளும் விடாத பிழையை விட்டுவிட்டதற்கு.

"ரீச்சர்," என்றாள் அவசரமாக. "ரீச்சர், நனையுது."

உள்ளே ஏழாவது பெயரை வாசித்தார்கள். பிறகு சிவகௌரி ரீச்சரின் குரல், "பிள்ளை உடுப்பை நனைச்சுப்போட்டாள் போலை, அடுத்ததை வாசியும்," என்றது. எட்டாவது பெயர் வந்தது.

தனுசியா பழைய சட்டை ஒன்றை மாட்டி, துவாயால் தலை துடைத்து, பிள்ளையை உள்ளே கூட்டி வந்தபோது ஒன்பதாவது பெயரும் முடிந்திருந்தது. ஐயா எழும்பிச் சால்வையை உதறினார். "விட்ட பிள்ளைக்கு வாற வருசம் பாப்பம்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, காரியாலய அறைக்குள் போனார்.

வித்தியா சுவரோரத்தில் இருந்து எழும்பி வந்தாள். ஊறிச் சுருண்ட பட்டுப் பாவாடையைத் தனுசியாவின் கையில் இருந்து வாங்கினாள். அதைப் பிழிந்து பார்த்தாள். கைகால் கழுவினால் நெஞ்சுப் பட்டி இப்படி நனையாது என்று ஒரு தாய்க்குத் தெரியும். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள்.

"தண்ணி பட்டிட்டுது," என்றாள் தனுசியா.

"பரவாயில்லை, ரீச்சர்," என்றாள் வித்தியா. "உங்களுக்குத்தான் கரைச்சல்."

அவள் குரலில் கோபம் இல்லை. பிறத்தி ஆளிடம் கதைக்கிற சுத்தமான மரியாதை இருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், ஓட்டோவுக்குப் போன் பண்ணினாள்.

பத்து நிமிடத்தில் புத்தகம் முடிந்தது. ஐயா பெயரைக்கூடக் கேட்காமல் கையெழுத்து வைத்தார். முத்திரையைத் தனுசியாவே பிடித்துக் குத்தினாள். அவர் போன பிறகு சிவகௌரி ரீச்சர் தேத்தண்ணி ஊற்றினார்.

"வித்தியா உமக்கு என்ன முறை?" என்று கேட்டார். "பெரியம்மான்ரை மகளோ?"

தனுசியா முத்திரைப் பெட்டியை இழுத்து மூடினாள்.

"பயப்பிடாதையும். நீர் வந்த முதல் கிழமையே எனக்குத் தெரியும். சாவகச்சேரியிலை என்ரை மச்சாள் ஒராள் படிப்பிக்கிறா. பேரைச் சொன்னன், ஒழுங்கையையே சொல்லிப்போட்டா."

"அப்ப ஏன் ரீச்சர் என்னை வைச்சிருந்தனீங்கள்?"

"ஏன் வைச்சிருக்கக்கூடாது? நல்லா வேலை செய்யிறீர். தூக்கிறதுக்கும் கழுவுறதுக்கும் இப்ப ஆர் வருகினம்? எனக்கு உதுகள் ஒண்டும் இல்லையெண்டு நான் அண்டைக்கே சொன்னனான்." சீனி போட்டுக் கலக்கினார். "இண்டைக்குப் பாரும். நான் அந்தப் பிள்ளையை வெளியாலை கொண்டு போயிருந்தால், நாளைக்கே ஆரும் கல்விக் கந்தோருக்குப் பெட்டிசம் போடுவினம். நீர் கொண்டு போனால் ஒருத்தரும் வாய் திறக்கேலாது. நீங்கள் ரெண்டு பேரும் ஒரே ஆக்கள்தானே."

அவர் பேப்பர் கப்பை மேசையின் இந்தப் பக்கம் தள்ளி வைத்தார். கண்ணாடி அலுமாரியில் பீங்கான் கோப்பைகள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. நிஷானியுடையதில் ரோசாப்பூ. ஐயா குடித்தது தங்கக் கரை போட்டது. பத்து மாதமாக அந்த அலுமாரியைத் தனுசியா நாள்தோறும் துடைத்திருக்கிறாள். கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தூசு தட்டியிருக்கிறாள். அவற்றில் ஒன்றில் தான் ஏன் குடித்ததில்லை என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

"ஆறப்போகுது, குடியும்," என்றார் ரீச்சர். "தை மாசத்திலை இருந்து இஞ்சையே நில்லும். பின்னேரப் பிள்ளையளை உம்மட்டை விடுறன்."

அவள் குடித்தாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். குடித்து முடித்து, கப்பை நசுக்கிக் குப்பை வாளியில் போட்டுவிட்டு, நன்றி ரீச்சர் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வித்தியா மறுநாளே பிள்ளையை நிற்பாட்டிவிட்டாள். மார்கழிச் சோதனையில் தனுசியாவுக்கு எல்லாப் பாடத்திலும் முழுச் சித்தி. குழந்தை அவதானிப்புக்கு அந்த வருடத்தின் அதிகூடிய புள்ளி அவளுடையது. கனிசியஸ் சேர் அந்தப் பக்கங்களைப் பிரதி எடுத்து, இப்போதும் புதிதாக வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறார். அவள் மானிப்பாய்ப் பக்கம் திரும்பிப் போகவில்லை. யாழ்ப்பாணத்தில் வங்கி உத்தியோகத்தர்களின் பிள்ளைகள் வருகிற ஒரு பகல் பராமரிப்பு நிலையத்தில் வேலை. அங்கே சேரும்போதும் எவடம் என்று கேட்டார்கள். டவுணுக்குக் கிட்ட என்றாள்.

தைப்பொங்கலுக்கு வீட்டுக்குப் போனாள். வித்தியா குடும்பமும் ஒழுங்கைக்கு வந்திருந்தது. வித்தியா அவளோடு கதைக்காமல் இருக்கவில்லை. வேலை எப்படி என்று கேட்டாள், பொங்கிய புக்கையைப் போட்டுக் கொடுத்தாள், சான்றிதழை வாங்கிப் பார்த்து, "வடிவாத்தான் அடிச்சிருக்கினம்," என்றாள். சாப்பிடப் போகும்போது மிதுசா கிணற்றடியில் இருந்து ஓடி வந்து, தனுசியாவுக்கு முன்னால் நேராக நின்று, இரண்டு கையையும் நீட்டி, உள்ளங்கையைக் காட்டி, பிறகு புறங்கையைத் திருப்பிக் காட்டினாள்.

"கழுவிட்டன், ரீச்சர்."

"இது வீடெல்லே?" என்றாள் தனுசியா. "வீட்டை நான் ஆர்?"

பிள்ளை தாயைப் பார்த்தது.

"நானும் சொல்லிப் பாத்திட்டன்," என்றாள் வித்தியா, சட்டியைக் கிளறிக்கொண்டு. "உன்ரை பேரெடுத்தாலே அதுக்கு ரீச்சர் எண்டுதான் வருது. பழக்கினது நாங்கள்தானே."

மத்தியானம் எல்லாரும் உண்ட களையில் சரிந்தார்கள். மிதுசா பாயில் படுத்திருந்தாள். தனுசியா போய்ப் பக்கத்தில் படுத்து, தலையைச் சரித்து, காது பிள்ளையின் கைக்குக் கிட்ட வரும்படி நகர்ந்தாள். தோட்டைக்கூடக் கழற்றி வைத்திருந்தாள். மிதுசாவின் கண்கள் சொருகின. கை மேலே வந்து, சற்றுத் தயங்கி, தன்னுடைய காதுச் சோணையைப் பிடித்துக்கொண்டது.